தேதி இல்லாத சரித்திரம்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வகுப்பில், பத்து நிமிஷச் சரித்திரப் படங்களைப் பற்றி ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பின் விஷயத்தைக் கேட்டுச் சில தோழர்கள் சிரித்தார்கள். "செல்போனில் படம் பார்ப்பதற்கும் ஒரு வகுப்பா?" என்றார்கள். சிரிக்கட்டும். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல.

நமது வகுப்புகளுக்கு வரும் வாலிபர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். வருகிறவர்களும் புத்தகத்தைக் கையில் எடுப்பதில்லை. அதற்காக அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. முதல் உலக யுத்தத்தில் எந்தச் சண்டை எந்த மாதம் நடந்தது என்று கேட்டால், நமக்கே தெரியாததையெல்லாம் சொல்கிறார்கள். எங்கே படித்தீர்கள் என்றால், "படிக்கவில்லை தோழரே, பார்த்தோம்" என்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும், களையெடுப்புக்கு இடையே வரப்பில் உட்காரும்போதும் பத்துப் பத்து நிமிஷமாகப் பார்த்த படங்கள்.

இதைப் பற்றி நமக்குள் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் வகுப்பைத் தொடங்க வேண்டும் என்பது ஒன்று. இனிமேல் புத்தகமே வேண்டாம், படத்தைப் போட்டுக் காட்டினால் போதும் என்பது மற்றொன்று. நாங்கள் முதல் அபிப்பிராயத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தோம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். படத்தைப் பார்க்காமலேயே, அது வெறும் பொழுதுபோக்கு என்று தீர்ப்புச் சொன்னோம். விசாரணை இல்லாமல் தீர்ப்புச் சொல்லும் நிர்வாகத்தை எதிர்த்து எத்தனை கேட் மீட்டிங் போட்டிருக்கிறோம்! அதே காரியத்தை நாமே செய்தோம்.

ஆகவே ஒரு தொடரை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தோம். ஆங்கிலப் படம். எங்கள் படிப்போ எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. கல்லூரியில் படிக்கும் ஒரு மில் தொழிலாளியின் மகன் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். பார்த்ததில் நாங்கள் கண்டது என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

என்ன படம் அது?

'தி கிரேட் வார்', அதாவது மகா யுத்தம் என்பது அந்தத் தொடரின் பெயர். 1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தின் நூறாவது வருஷத்தில், 2014 ஜூலையில், அது யூடியூபில் ஆரம்பமாயிற்று. இண்டி நைடெல் என்ற அமெரிக்கர் நமக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறார். நடுநடுவே பழைய செய்திப் படங்களும், புகைப்படங்களும், தேசப்படங்களும் வருகின்றன. செய்திப் படங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பாத்தே என்ற பழைய ஸ்தாபனத்தின் சேமிப்பிலிருந்து எடுத்தவை.

வியாழக்கிழமைதோறும் ஒரு படம். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிஷம். சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த வாரத்தில் என்ன நடந்ததோ, அதை மட்டுமே சொல்லும். யுத்தம் 1914 ஜூலை 28 முதல் 1918 நவம்பர் 11 வரை நடந்தது. ஏறத்தாழ 224 வாரங்கள். வாரத்துக்குப் பத்து நிமிஷம் என்றால் மொத்தம் சுமார் 37 மணி நேரம். எட்டு மணி ஷிப்ட்டாகக் கணக்குப் போட்டால் ஐந்து ஷிப்ட்டுக்கும் குறைவு. கோடிக்கணக்கான மனிதர்கள் நாலு வருஷத்துக்கு மேல் பட்ட பாட்டை ஐந்து ஷிப்ட்டுக்குள் அடக்க வேண்டும். அதுவும் பத்துப் பத்து நிமிஷமாக நறுக்கி. இதுதான் அந்தப் படக்காரர்கள் ஏற்றுக்கொண்ட வேலை.

துண்டு துண்டாகப் படம் காட்டுவது புதிய பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சோவியத் நாட்டில் ஜிகா வெர்தோவ் என்ற படக் கலைஞர் 1922 முதல் 1925 வரை 'கினோ-பிராவ்தா' என்ற செய்திப் படத் தொடரை நடத்தினார். மொத்தம் 23 இதழ்கள் வந்தன. அமெரிக்காவில் 'தி மார்ச் ஆஃப் டைம்' என்ற தொடர் 1935 முதல் 1951 வரை கொட்டகைகளில் ஓடியது. உண்மைப் படம் கிடைக்காத இடங்களில் நடிகர்களை வைத்து நடித்துக் காட்டியும் அது சரிக்கட்டியது. ஆகவே குறும்படத்தின் பலமும் பலவீனமும் செல்போனோடு பிறந்தவை அல்ல. செல்போன் அதைக் கொட்டகையிலிருந்து நம் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது. அவ்வளவே.

முதலில் நல்லதைச் சொல்வோம்

இந்தத் தொடரிடம் மூன்று நல்ல அம்சங்களைக் கண்டோம்.

முதலாவது, அது காலத்தின் நீளத்தை உணர்த்துகிறது. வெர்டன் சண்டை என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருக்கும். பிரான்சில் அந்தச் சண்டை 1916 பிப்ரவரி 21-ல் தொடங்கி டிசம்பர் 18-ல் முடிந்தது. 43 வாரங்கள்! தொடரை வாராவாரம் பார்த்தவனுக்கு, இந்த வாரமும் வெர்டன், அடுத்த வாரமும் வெர்டன். கோடை வருகிறது, மழை வருகிறது, பனி வருகிறது. வெர்டன் முடியவில்லை. இது முடியவே முடியாதா என்று பார்க்கிறவனுக்கே அலுப்புத் தட்டுகிறது. அந்த அலுப்புத்தான் பாடம். பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்கும் முடிவுத் தேதி தெரியாது. மூன்று மாத வேலைநிறுத்தத்தில் நின்ற தோழர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெற்றி பெற்ற பிறகு எல்லோரும் "வெற்றி நிச்சயமாக இருந்தது" என்பார்கள். எழுபதாவது நாள் வீட்டில் அரிசி இல்லாதபோது எவனுக்கு என்ன நிச்சயம்?

இரண்டாவது, பள்ளிப் புத்தகம் மறந்த போர்முனைகளுக்கும் இடம் கிடைக்கிறது. வாராவாரம் படம் போட வேண்டும் என்பதால் பிரான்சை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. காக்கசஸ் மலை, கிழக்கு ஆப்பிரிக்கா, மெசொபொட்டேமியா எல்லாம் வருகின்றன. மெசொபொட்டேமியா என்பது இன்றைய இராக். அங்கே கூத்-அல்-அமாரா என்ற ஊரில் பிரிட்டிஷ் இந்தியப் படை 1915 டிசம்பரில் துருக்கியரின் முற்றுகைக்குள் சிக்கியது. ஏறத்தாழ ஐந்து மாதம் பட்டினி கிடந்து 1916 ஏப்ரல் 29-ல் சரணடைந்தது. சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சிப்பாய்கள் மட்டுமல்ல, சமையல் செய்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த யுத்தம் முழுவதிலும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். மாண்டவர்கள் எழுபதினாயிரத்துக்கும் மேல். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? அந்த வாலிபத் தோழருக்குக் கூத் என்ற ஊரின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது நமது வகுப்பு அல்ல. படம்தான்.

மூன்றாவது, பார்க்கிறவர்களோடு அதற்கு உறவு இருக்கிறது. பார்ப்பவர்கள் கேள்வி எழுதி அனுப்பினார்கள். அவற்றுக்குப் பதில் சொல்வதற்கென்றே தனிப் படங்கள் போட்டார்கள். பார்ப்பவர்கள் தந்த சிறு சிறு சந்தாவும் தொடர் நடக்க உதவியது. கை ஏந்திப் பத்திரிகை நிதி வசூலிக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் நமது எல்லா வகுப்புகளிலும் இருக்கிறதா என்பதையும் இங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த ஒரு வாரம்

இனிக் குறைக்கு வருவோம்.

1917-ல் ரஷ்யாவில் ஜார் மன்னன் வீழ்ந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1917 மார்ச் 8, வியாழக்கிழமை. ரஷ்யாவின் பழைய காலண்டரில் அது பிப்ரவரி 23. சர்வதேச மகளிர் தினம். தலைநகரான பெட்ரோகிராடில் பஞ்சாலைப் பெண் தொழிலாளர்கள் ரொட்டி கேட்டு வெளியே வந்தார்கள். பக்கத்து உலோக ஆலைகளின் தொழிலாளர்களையும் வெளியே அழைத்தார்கள். வேலைநிறுத்தம் நகரம் முழுதும் பரவியது. சுடச் சொல்லி அனுப்பிய சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஜனங்களின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மார்ச் 15, அடுத்த வியாழக்கிழமை, ஜார் முடி துறந்தான். ரொமானோவ் வம்சம் 1613 முதல் ஆண்ட வம்சம். முந்நூறு வருஷ ராஜ்யம் ஒரு வியாழனுக்கும் அடுத்த வியாழனுக்கும் இடையில் போய்விட்டது!

வாரப் படத்துக்கு இதைவிட நல்ல வாரம் கிடைக்குமா? தேதி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, மன்னன் இருக்கிறான். பார்க்கிறவன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறான்.

ஆனால் தோழர்களே, அந்த ராஜ்யம் ஒரு வாரத்திலா வீழ்ந்தது?

ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்களை யுத்தத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏர் பிடிக்கக் கிராமத்தில் ஆள் குறைந்தது. ரயில் வண்டிகள் போர்முனைக்கே ஓடின. தானியம் இருந்த இடத்திலிருந்து பசி இருந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. நோட்டு அடிக்க அடிக்க விலை ஏறியது. சம்பளம் பின்னாலே நொண்டிக்கொண்டு வந்தது. ஆண்கள் விட்டுப்போன இடத்துக்குப் பெண்கள் ஆலைக்கு வந்தார்கள். ஆலை வேலை முடிந்ததும் பனியில் ரொட்டிக்கடை வரிசையில் பல மணி நேரம் நின்றார்கள். நின்ற இடத்தில் பேசினார்கள். இன்று ரொட்டி உண்டா, நேற்று என்ன விலை, உன் புருஷனிடமிருந்து கடிதம் வந்ததா என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எந்தத் தேதியில் கோபமாக மாறியது? எந்த வியாழக்கிழமை? சொல்ல முடியாது. அதற்குத் தேதி இல்லை.

இதுதான் விஷயம். சரித்திரத்தில் இரண்டு வகை உண்டு. தேதி உள்ளது ஒன்று, தேதி இல்லாதது மற்றொன்று. சண்டை, சரணாகதி, முடி துறப்பு, கொலை, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. விலை ஏறுவது, கூலி தேய்வது, வேலைப் பளு கூடுவது, பயம் தெளிவது, மனிதனுக்கு மனிதன் நம்பிக்கை வைப்பது ஆகியவற்றுக்குத் தேதி இல்லை. பத்து நிமிஷப் படம் முதல் வகையைக் கையில் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது வகை அதன் விரல் இடுக்கில் ஒழுகிவிடுகிறது. இந்த வாரம் என்ன புதிதாக நடந்தது என்று கேட்பதே அதன் தொழில். போன வாரம் போலவே இந்த வாரமும் பசி என்றால், அதில் புதுச் செய்தி எங்கே இருக்கிறது?

படம் சொல்பவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. பஞ்சத்தையும் விலையையும் அவரும் இடையிடையே சொல்கிறார். வாரப் படங்கள் போதாமல், தனி விஷயங்களுக்கென்று தனிப் படங்களும் போட்டார். குறை அவரது நாணயத்தில் இல்லை. படத்தின் அளவில் இருக்கிறது. மரக்காலால் நெல்லை அளக்கலாம். வயலின் ஈரத்தை அளக்க முடியுமா?

எம்டனும் அரிசி விலையும்

இது ரஷ்யாவோடு நின்ற சங்கதி என்று நினைக்க வேண்டாம். அதே யுத்தம் நம் ஊருக்கும் வந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. நூறு வருஷம் கழிந்தும் அந்தப் பெயர் நம் பேச்சில் இருக்கிறது. கெட்டிக்காரப் பயலைப் பார்த்து, "சரியான எம்டன்!" என்று சொல்லாத ஊர் உண்டா? ஒரே இரவில் நடந்தது. தேதி இருக்கிறது, தீ இருக்கிறது, சத்தம் இருக்கிறது. ஆகவே நினைவில் நின்றது.

அதே யுத்த காலத்தில் அரிசி விலை ஏறியது. துணி விலை ஏறியது. மண்ணெண்ணெய் விலை ஏறியது. கப்பல்களையும் ரயில் பெட்டிகளையும் யுத்தம் எடுத்துக்கொண்டது. 1918-ல் மழையும் பொய்த்தது. அந்த வருஷம் செப்டம்பரில் சென்னையிலும், மாகாணத்தின் வேறு பல ஊர்களிலும் பசித்த ஜனங்கள் கடைவீதிகளில் தானியத்தைச் சூறையாடினார்கள். அதற்குச் சில மாதம் முன்னால், 1918 ஏப்ரல் 27-ல், பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இவற்றைப் பற்றி நம் ஊர்ப் பேச்சில் ஏதாவது சொல் நிலைத்திருக்கிறதா? எம்டன் ஒரு இரவு அடித்துவிட்டுப் போய்விட்டது. அரிசி விலை ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு நாளும் அடித்தது. எம்டனை எல்லோருக்கும் தெரியும். அரிசி விலையை யாருக்கும் தெரியாது.

ஆக, பத்து நிமிஷப் படம் செய்கிற தவறை மனித ஞாபகமும் செய்கிறது. நாமும் செய்கிறோம். இதற்கு ஒரு உதாரணம் எங்கள் சொந்த அனுபவத்திலேயே உண்டு.

போன வருஷம் ஒரு கிராமத்தில் இதே 1917 பற்றி வகுப்பு எடுத்தோம். அரை மணி நேரம். தேதிகளை வரிசையாகச் சொன்னோம். தலைவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னோம். பேச்சு நன்றாக அமைந்துவிட்டது என்று நமக்குள்ளே ஒரு திருப்தியும் இருந்தது. முடிந்ததும் நடவு வேலை செய்யும் ஒரு வயதான தாய் எழுந்தார். "ஏன் தம்பி, அந்தப் பொம்பளைங்க ரொட்டிக்கு வரிசையில நின்னாங்கன்னு சொன்னியே, கைப்பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்தாங்க?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் காலை முழுதும் நின்று ஒரு நாள் கூலியை இழந்தவருக்கு அந்தக் கேள்வி வேடிக்கை அல்ல. யோசித்துப் பார்த்தால், அந்த வகுப்பிலேயே சரித்திரத்துக்கு மிக நெருங்கிய கேள்வி அதுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி, வரிசையில் இடம் பிடிக்க ஒருத்தி, ஆலையில் செய்தி சொல்ல ஒருத்தி என்று அந்தப் பெண்கள் தமக்குள் ஏதோ ஒரு ஏற்பாடு செய்யாமல் மார்ச் 8-ல் தெருவுக்கு வந்திருக்க முடியாது. சங்கம் என்பது அப்படிப்பட்ட ஏற்பாட்டில்தானே முளைக்கிறது? நாங்கள் அதைச் சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை. படத்தைக் குறை சொல்ல வந்த நாங்கள், படத்தைப் போலவேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

காமிரா போன இடம்

இன்னும் இரண்டு குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பழைய செய்திப் படம் என்றால் கண்ணால் கண்ட சாட்சி என்று நினைக்கிறோம். அது சரியல்ல. பட்டாளம் அனுமதித்த இடத்துக்குத்தான் காமிரா போயிற்று. 1916 ஜூலை 1-ல் பிரான்சில் சோம் சண்டை தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் இறந்தவர்கள் 19,240 பேர். அடுத்த மாதமே 'சோம் சண்டை' என்ற படம் லண்டன் கொட்டகைகளுக்கு வந்தது. அதில் சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி ஒன்று உண்டு. அது போர்முனைக்குப் பின்னால், பயிற்சி இடத்தில் நடித்து எடுத்தது என்பது பின்னால் தெரியவந்தது. படத்தின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவை உண்மைதான். ஆனால் நடித்த அந்தச் சில விநாடிகள்தான் பிறகு எத்தனையோ சரித்திரப் படங்களில் சாட்சியாக வந்து நின்றன. ஏன்? பார்க்க விறுவிறுப்பாக இருக்கிறது. உண்மையான சாவின் முன்னால் காமிராவை நிறுத்த முடியவில்லை. நடித்த சாவு சௌகரியமாக இருந்தது.

சாட்சி விஷயத்தில் பழைய நீண்ட தொடர்களுக்கு ஒரு மேன்மை உண்டு. 1964-ல் பி.பி.சி. இதே மகா யுத்தத்தைப் பற்றி 26 பகுதிகள் கொண்ட ஒரு தொடர் எடுத்தது. ஒவ்வொன்றும் சுமார் நாற்பது நிமிஷம். அந்த யுத்தத்தில் நின்ற சாமானிய சிப்பாய்களே கிழவர்களாக வந்து உட்கார்ந்து, தம் வாயாலேயே பேசினார்கள். 2014-ல் அந்த வாய்ப்பு இல்லை. அந்த யுத்தத்தில் பணி செய்தவர்களில் கடைசி மனிதரும் 2012-ல் காலமாகிவிட்டார். சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதை மனதில் வையுங்கள். முடிவில் இதற்குத் திரும்ப வருவோம்.

அடுத்தது தேசப்படம். சிவப்பு அம்புக்குறி ஒன்று கிழக்கே போகிறது, நீல அம்புக்குறி ஒன்று மேற்கே வருகிறது. பார்க்கப் புரிகிறது. அது நல்லதுதான். ஆனால் அம்புக்குறிக்குக் கால் வலி இல்லை, பசி இல்லை, வீடு இல்லை. நாள் முழுதும் அம்புக்குறியைப் பார்க்கிறவன் தன்னை அறியாமலே தளபதியின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். "இங்கே இன்னும் பத்தாயிரம் பேரை அனுப்பியிருக்கலாமே!" என்று நம் வாலிபத் தோழர் ஒருவர் படம் பார்க்கும்போது சொன்னார். நல்ல பிள்ளை, கூலிக்காரரின் பேரன். அந்தப் பத்தாயிரத்தில் தானும் ஒருவனாகத்தான் இருந்திருப்போம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. சுட்டிக் காட்டியதும் மௌனமாகிவிட்டார்.

இதோடு வேகமும் சேர்ந்துகொள்கிறது. யுத்தம் ஏன் மூண்டது? இந்த ஒரு கேள்விக்கே சரித்திர ஆசிரியர்கள் நூறு வருஷமாக விவாதம் நடத்துகிறார்கள். 1961-ல் பிரிட்ஸ் பிஷர் என்ற ஜெர்மன் ஆசிரியர் தம் நாட்டு ஆட்சியாளர்கள் மீதே பெரும் பொறுப்பைச் சுமத்தினார். 2012-ல் கிறிஸ்டோபர் கிளார்க் என்பவர், எல்லா வல்லரசுகளும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போலப் போய் விழுந்தன என்று எழுதினார். சந்தைக்கும் காலனிக்கும் நடந்த போட்டியே வேர் என்று லெனின் யுத்த காலத்திலேயே எழுதினார். இவற்றை எடைபோட நேரம் வேண்டும். திரும்பப் புரட்டிப் பார்க்கப் பக்கம் வேண்டும். பத்து நிமிஷப் படம் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நாம் யோசிப்பதற்குள் நடுவே ஒரு சோப்பு விளம்பரம் வருகிறது. அது முடிந்தால் அடுத்த படம் தானாகவே ஓட ஆரம்பிக்கிறது.

எப்படிப் பார்ப்பது?

அப்படியானால் என்ன செய்வது? செல்போனை வாசலில் வாங்கி வைப்பதா? வேண்டாம். எங்கள் பழைய அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம். புத்தகத்தை மூட்டை கட்டிவிடுவதா? அதுவும் வேண்டாம். படம் கதவைத் திறக்கிறது. உள்ளே போக நடக்கத்தான் வேண்டும்.

கடந்த மூன்று வகுப்புகளில் ஒரு முறையைக் கையாண்டு பார்த்தோம். ஓரளவு பலன் தெரிகிறது. ஆகவே இங்கேயும் சொல்கிறோம்.

ஒன்று, தனியாகப் பார்க்காமல் கூடிப் பார்ப்பது. பத்து நிமிஷப் படத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது. ஐந்தாவது நிமிஷத்தில் நிறுத்திவிடுவது. நிறுத்திய இடத்தில், "இதுவரை யார் பேசினார்கள்? யார் பேசவில்லை?" என்று கேட்பது.

இரண்டு, படத்தில் ஒரு தேதி வந்தால் கரும்பலகையில் இடது பக்கம் எழுதுவது. அதற்கு எதிரே வலது பக்கம், அந்தத் தேதிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய தேதி இல்லாத விஷயத்தை எழுதுவது. இடது பக்கம் 'மார்ச் 8, பெண்கள் வெளியே வந்தார்கள்' என்றால், வலது பக்கம் விலை, சம்பளம், வரிசை, கைப்பிள்ளை. வலது பக்கம் காலியாக இருந்தால் அதுதான் அடுத்த வாரம் புத்தகத்தில் தேட வேண்டிய பாடம். புத்தகம் எதற்கு என்று கேட்ட வாலிபர்களே இப்போது வலது பக்கத்தை நிரப்பப் புத்தகம் கேட்கிறார்கள்.

மூன்று, எண்ணைக் கேட்டால் நிறுத்துவது. 19,240 என்று படம் ஒரு விநாடியில் சொல்லிவிட்டுப் போகும். நம் மில்லில் மூன்று ஷிப்ட்டும் சேர்ந்து எத்தனை பேர்? அப்படிப்பட்ட மில்கள் எத்தனை காலியானால் அந்த எண் வரும்? கணக்குப் போட்டுப் பார்ப்பது. போன வகுப்பில் கணக்கு முடிந்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

சிலர் கேட்கலாம்: பத்து நிமிஷப் படத்துக்கு இவ்வளவு பாடா என்று. நமது வேலைநிறுத்தங்களைப் பற்றியும் நாளைக்கு யாராவது பத்து நிமிஷப் படம் எடுப்பார்கள், தோழர்களே. தொடங்கிய தேதி வரும். தடியடி நடந்த தேதி வரும். ஒப்பந்தம் கையெழுத்தான தேதி வரும். அதற்கு முந்திய இரண்டு வருஷம் ஒரு ஆளுக்கு எத்தனை தறி கூடியது, பஞ்சப்படி எப்படி விலைவாசிக்குப் பின்னால் விழுந்தது, கடன் கொடுத்த கடைக்காரர் யார், அடுத்த தெருவிலிருந்து யார் அரிசி கொண்டுவந்து போட்டார்கள் என்பதெல்லாம் வராது. எடுக்கிறவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவற்றுக்குத் தேதி இல்லை, படமும் இல்லை. அவ்வளவுதான் காரணம். அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம். சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் ஒரு காரியம் செய்து வர வேண்டும். வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பெரியவரிடம் உட்காருங்கள். தேதி கேட்காதீர்கள். முதன் முதலில் வேலைக்குப் போனபோது கூலி எத்தனை படி நெல், அல்லது எத்தனை ரூபாய், அதில் வீட்டுக்கு எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் அந்தச் செல்போனிலேயே பேச்சைப் பதிவு செய்து வாருங்கள். அதற்கும் அது உதவும்.

கேள்வி கேட்ட அந்தத் தாயையும் அடுத்த வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். அந்த 1917 மார்ச் வாரத்தின் படத்தையே போடப் போகிறோம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.